தாத்தா வாட்ச்சுக்கு உயிர் இருக்கு... பெயின்ட் அடிக்காதீங்க பாஸ்!

ஒரு சின்ன வேலை செய்யுங்க. உங்க வீட்டு பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில், பழைய பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாம் கிடக்கும் அந்த லாக்கரைத் திறந்து பாருங்க. பத்து வீட்டில் நாலு வீட்டிலாவது ஒரு பழைய கைக்கடிகாரம் தூங்கிக்கிட்டு இருக்கும். செயின் கறுத்து, கண்ணாடியில் கீறல் விழுந்து, ஏதோ ஒரு வருஷத்தின் ஏதோ ஒரு மணியில் நின்று போயிருக்கும்.

அதை எடுத்து, பக்கவாட்டில் மெதுவாக நாலு ஆட்டு ஆட்டுங்க. உள்ளே ஏதோ ஒன்று 'சர்ர்ர்' என்று சுத்துகிற மாதிரி கையில் தெரியுதா? காதில் வையுங்க. 'டிக் டிக் டிக்' என்று ஓட ஆரம்பிச்சிருச்சா?

கங்கிராட்ஸ்! உங்க வீட்டில் இருப்பது ஒரு ஆட்டோமேட்டிக் வாட்ச். பேட்டரி கிடையாது, சார்ஜர் கிடையாது, சாவி கொடுக்கவேண்டிய அவசியமும் இல்லை. நீங்க கையை ஆட்டினால் அது ஓடும். அவ்வளவுதான் மேட்டர்!

பழங்காநத்தத்தில் எங்க தெருவில் மட்டும் இந்த மாதிரி பதினொரு வாட்ச்சைப் பார்த்துட்டேன். அதில் மூணு இப்போ என்கிட்ட. ஆனா இந்த ஆசை எனக்கு வந்த கதை கொஞ்சம் சோகக் கதை. அதுக்கு முன்னாடி, இது எப்படி ஓடுதுன்னு பார்த்துடுவோம். (இன்ஜினீயரிங் படிக்கிறேன்னு எங்கேயாவது காட்டிக்க வேண்டாமா?)

பேட்டரி எங்கே பாஸ்?

பின்மூடியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அரைவட்டமாக ஒரு கனமான தகடு. அதன் பெயர் ரோட்டார். நடுவில் மட்டும் பிடிமானம். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போது, பரோட்டாவைப் பிய்க்கும்போது, கை எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கனமான பக்கம் கீழே வரப் பார்க்கும். அப்படிச் சுற்றும்போது பற்சக்கரங்கள் வழியாக மெயின் ஸ்பிரிங் என்கிற சுருளை முறுக்கிவிடும். முறுக்கேறிய ஸ்பிரிங் மெதுவாகப் பிரியும்போதுதான் முள் நகருது.

ஸ்பிரிங் ஒரேயடியாகப் பிரிந்துவிடாமல் இருக்க, பேலன்ஸ் வீல் என்கிற குட்டிச் சக்கரம் இடமும் வலமும் ஆடிக்கொண்டே இருக்கும். அதை ஆட்டுவது தலைமுடி மாதிரி மெல்லிசான ஹேர் ஸ்பிரிங். பல பழைய ஆட்டோமேட்டிக்குகளில் மணிக்கு 21,600 துடிப்பு. ஒரு நொடிக்கு 6. ஒரு நாளைக்கு 5,18,400. நம்ம இதயம்கூட இத்தனை தடவை துடிக்காது!

இப்படி ஓடுகிற வாட்ச் ஒரு நாளைக்கு ஒரு நிமிஷம் பிந்தினால் 'ஓட்டை வாட்ச்' என்று திட்டுவோம். கணக்குப் போட்டுப் பாருங்க. 86,400 நொடியில் 60 நொடி. தப்பு வெறும் 0.07 சதவீதம். நம்ம இன்டர்னல் மார்க்கை நினைச்சா, அந்த வாட்ச்சைத் திட்ட நமக்கு என்ன யோக்கியதை இருக்கு?

கைக்கடிகாரத்தில் இந்த ஐடியாவை முதலில் தொழிலாகவே கொண்டுவந்தவர் ஜான் ஹார்வுட் என்கிற இங்கிலாந்து வாட்ச் ரிப்பேர்காரர். சாவி கொடுக்கிற ஓட்டை வழியாகத்தான் தூசியும் ஈரமும் உள்ளே போய் மிஷினைக் கெடுக்குதுன்னு கவனிச்சார். 'சாவியே வேண்டாம்னா?' என்று யோசிச்சார். 1924-ல் பேட்டன்ட் கிடைச்சது. முழு வட்டமும் சுற்றும் ரோட்டாரோடு 1931-ல் ரோலெக்ஸ் வந்தது. கவனிச்சீங்களா? ஆரம்பிச்சு வச்சது ஒரு ரிப்பேர்காரர். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

நான் பண்ணின பாவம்

எங்க தாத்தா அரசு பஸ் கம்பெனியில் டைம் கீப்பர். மாட்டுத்தாவணி வருவதற்கு முன்னால், திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கம் போகிற பஸ்களெல்லாம் நிற்கிற இடமாக பழங்காநத்தம் இருந்த காலம் அது. எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, எப்போ கிளம்பியது என்று எழுதுவதுதான் அவர் வேலை. அவர் கையில் இருந்தது ஒரு எச்.எம்.டி. காஞ்சன். ஆட்டோமேட்டிக், தங்க முலாம், வெள்ளை டயல். 1978-ல் அவர் கல்யாணத்துக்கு மச்சான் போட்டது. பின்மூடியில் தாத்தாவின் இனிஷியல், பெயர், '10-9-78' என்ற தேதி எல்லாம் கையால் வெட்டியிருந்தது.

நான் காலேஜ் சேர்ந்தப்போ அதை என்கிட்ட கொடுத்தார். டயல் பழுப்பேறி, மூடி கறுத்து இருந்தது. 'இதைக் கட்டிக்கிட்டுப் போனா பசங்க ஓட்டுவாங்களே' என்று எனக்கு ஒரே வெட்கம். ஒரு கடையில் கொடுத்து, "அண்ணே, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்துருங்க" என்றேன். இந்த ஒரு வாக்கியம்தான் நான் பண்ணின பாவம்.

ஒரு வாரத்தில் வாட்ச் வந்தது. பளபளன்னு மயில் கழுத்து நீலத்தில் புது டயல். தாத்தாவுக்கு சர்ப்ரைஸ் கொடுக்கணும்னு ஓடினேன். வாங்கிப் பார்த்தார். டயலை அவர் பார்க்கவே இல்லை. திருப்பினார். மூடியைப் பாலீஷ் சக்கரத்தில் போட்டுத் தேய்த்ததில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. கட்டைவிரலால் அந்த இடத்தை ரெண்டு தடவை தடவினார். "நல்லா இருக்குப்பா" என்று திருப்பிக் கொடுத்துட்டார்.

அந்த மச்சான், எங்க அப்பாவின் தாய்மாமா, இப்போ உயிரோடு இல்லை.

கடைக்காரர் மேல் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை. புதுசு மாதிரி கேட்டது நான். அவர் புதுசு மாதிரி கொடுத்தார். பழசில் என்ன இருந்தது என்று எனக்கே தெரியாதபோது அவருக்கு எப்படித் தெரியும்? அதுக்கு அப்புறம்தான் இந்த வாட்ச்சுகளைப் பற்றிப் படிக்க ஆரம்பிச்சேன். லேட்டா!

காஞ்சன், சீக்கோ, ஓசூர்!

உங்க வீட்டு லாக்கரில் இருப்பது எச்.எம்.டி.யாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற அரசு நிறுவனம் 1953-ல் தொடங்கியது. பெயரே சொல்லுது, மெஷின் செய்கிற மெஷின் செய்கிற கம்பெனி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கைகோத்து 1961-ல் பெங்களூரில் வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. முதல் வாட்ச்சுகளை வெளியிட்டவர் பிரதமர் நேரு. சாவி கொடுக்கிற ஜனதா, பைலட், மெல்லிசான சோனா, ஆட்டோமேட்டிக்கில் ரஜத், காஞ்சன் என்று எத்தனையோ மாடல்கள். காஞ்சன் அந்தக் காலத்து 'மாப்பிள்ளை வாட்ச்'! சீர்வரிசையில் பைக் கேட்பதற்கு முந்தைய தலைமுறை, இதைக் கேட்டது.

அடுத்தது சீக்கோ 5. 1963-ல் ஜப்பானில் வந்த வரிசை. ஆட்டோமேட்டிக், கிழமை, தேதி, தண்ணீர் தாங்குவது எல்லாமே ஒரே வாட்ச்சில். நம்ம ஊருக்கு இது பெரும்பாலும் கடை வழியாக வரலை, சூட்கேஸ் வழியாக வந்தது. துபாய், சவுதி, சிங்கப்பூர் என்று போய்வந்த மாமாக்கள் சென்ட் பாட்டில், டேப் ரெக்கார்டரோடு கொண்டுவந்தது. சந்தேகமாக இருந்தால் சாவியை இழுத்துக் கிழமையை மாற்றிப் பாருங்க. இங்கிலீஷ் கிழமைக்கு அடுத்து அரபியில் கிழமை வந்தால், அந்த வாட்ச் எங்கே வேலை பார்த்துட்டு வந்ததுன்னு தெரிஞ்சிடும்!

அப்புறம் ஏன் எல்லாம் லாக்கருக்குள் போச்சு? 1969 டிசம்பர் 25-ம் தேதி, டோக்கியோவில் சீக்கோ ஒரு வாட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெயர் அஸ்ட்ரான். உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். இன்றைய குவார்ட்ஸ் வாட்ச்சுகளில் பேட்டரி கரன்ட்டில் நொடிக்கு 32,768 தடவை அதிரும் குட்டிப் படிகம் இருக்கு. நொடிக்கு 6 தடவை துடிக்கிற நம்ம ஆள் அதோட எப்படிப் போட்டி போடுவான்?

அந்த அலை இங்கே வந்து சேர்ந்தது நம்ம ஓசூர் வழியாக. டாடாவும், தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984-ல் தொடங்கிய டைட்டன், ஓசூர் ஃபேக்டரியிலிருந்து அழகழகான குவார்ட்ஸ் வாட்ச்சுகளை இறக்கியது. எச்.எம்.டி.யும் குவார்ட்ஸ் செய்து பார்த்தது, ஈடு கொடுக்க முடியலை. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. பெங்களூரில் எழுந்த கதையை, பக்கத்திலேயே இருக்கிற ஓசூர் முடித்து வைத்தது!

ஆக, உங்க வீட்டு எச்.எம்.டி. நின்னு போனா, அதுக்கு கம்பெனி ஸ்பேர் செய்து கொடுக்க ஃபேக்டரி இல்லை. இருக்கிற வாட்ச்சுகள்தான் இருக்கிறவை. அதனாலதான் இது விளையாட்டு இல்லை.

வாங்கப் போறீங்களா? உஷார்!

வீட்டில் இல்லை, ஆனா ஆசை வந்துருச்சு என்கிறவங்களுக்கு: ஒரு நல்ல ஷூ வாங்குகிற காசில் ஆரம்பிக்கலாம். ஆனால், ஆன்லைனில் 'பழைய சீக்கோ, புத்தம் புதுசு கண்டிஷன்' என்று பச்சை, ஆரஞ்சு, ரோஸ் கலரில் மினுமினுக்குமே... அங்கேதான் ஆப்பு!

வெளிநாட்டு கலெக்டர்கள் இவற்றுக்கு வைத்திருக்கும் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. மிஷின் ஒரு வாட்ச்சில், மூடி இன்னொன்றில், முள் மூணாவதில். டயலைச் சுரண்டிவிட்டு இஷ்டத்துக்கு பெயின்ட். என் காஞ்சனின் புது டயலும் இந்த ஜாதிதான். இதில் சிக்காமல் இருக்க, நான் அடிபட்டுக் கத்துக்கிட்ட சில விஷயங்கள்:

எழுத்தைப் பாருங்க. ஒரிஜினல் டயலில் பிரின்ட் ஊசி முனையாக இருக்கும். செல்போன் கேமராவில் பெருசு பண்ணிப் பாருங்க. எழுத்து பிசிறடித்தால், கோடு நடுவில் இல்லாமல் சாய்ந்திருந்தால், கையை எடுத்துடுங்க.

நம்பரைப் பாருங்க. சீக்கோ பின்மூடியில் '7009' போல நாலு எண், ஒரு சின்னக் கோடு, அப்புறம் இன்னும் நாலு இருக்கும். முதல் நாலு, மிஷினின் நம்பர். டயலின் அடி விளிம்பிலும் பொடி எழுத்தில் நம்பர் இருந்தால், அதுவும் அதே நாலு எண்ணில்தான் ஆரம்பிக்கணும். ரெண்டும் வேற வேறன்னா, ரெண்டு வாட்ச்சைச் சேர்த்து ஒண்ணாக்கியிருக்காங்க.

பிறந்த தேதியைப் பாருங்க. அதே மூடியில் சீரியல் நம்பர் இருக்கும். முதல் எண், வருஷத்தின் கடைசி எண். இரண்டாவது, மாதம். 1 முதல் 9 வரை எண்கள், அக்டோபருக்கு 'ஓ', நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. ஆக '48' என்று ஆரம்பித்தால், 4-ல் முடியும் ஒரு வருஷத்தின் ஆகஸ்ட். அது 1974-ஆ, 84-ஆ என்பதை மாடலை வைத்துக் கண்டுபிடிக்கணும். வாட்ச்சுக்கு ஜாதகம் பார்க்கிற மாதிரி செம ஜாலியாக இருக்கும்.

சாவி சுத்தலையேன்னு பயப்படாதீங்க. சீக்கோ 7009 மாதிரி சில மிஷின்களில் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. ஆட்டினால்தான் ஓடும். 'ரிப்பேர்' என்று நினைத்து யாராவது குறைந்த விலைக்குக் கொடுத்தால்... உண்மையைச் சொல்லிட்டே வாங்குங்க பாஸ், தூக்கம் நல்லா வரும்!

ரொம்பப் பழசா, இருட்டில் ஒளிர்கிற எண்களோடு இருந்தால் விளையாடாதீங்க. 1960-களுக்கு முந்தைய பல வாட்ச்சுகளில் நிஜ ரேடியம் பூசியிருப்பாங்க. ஒளிர்வது நின்று போனாலும் கதிரியக்கம் நிற்காது. அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது. திறப்பது, சுரண்டுவது எதுவும் வேண்டாம்.

கட்டுங்க... அதுதான் மருந்து!

வாங்கியாச்சு. இனி எப்படிப் பார்த்துக்கிறது?

முதலில் ஒரு தடவை சர்வீஸ். வருஷக்கணக்கில் தூங்கின வாட்ச்சுக்குள் எண்ணெய் காய்ந்து கோந்து மாதிரி ஆகியிருக்கும். அப்படியே ஓட்டினால் சக்கரங்கள் தேய்ந்துபோகும். முழுசாகப் பிரித்து, கழுவி, புதுசாக எண்ணெய் விடணும். அப்புறம் நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை போதும்.

கடையில் கொடுக்கும்போது, "கழுவி ஆயில் மட்டும் போடுங்க. டயலைத் தொடாதீங்க. பாலீஷ் வேண்டாம்" என்று வாயால் சொல்லுங்க. சீட்டிலும் எழுதி வாங்குங்க. நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ராத்திரி 9 மணியிலிருந்து 3 மணி வரைக்கும் தேதியை மாற்றாதீங்க. அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தை மிஷினே பிடித்துத் தள்ளிக்கிட்டு இருக்கும். நீங்களும் தள்ளினால் பல் உடையும்.

ஸ்பீக்கர் மேல், காந்தம் வைத்த போன் கவர் மேல் வைக்காதீங்க. ஹேர் ஸ்பிரிங் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டினால் வாட்ச் கன்னாபின்னான்னு வேகமாக ஓடும். (காந்தம் எடுக்க கடையில் ரெண்டு நிமிஷ வேலைதான்.)

மூடியில் 'வாட்டர் ரெசிஸ்டன்ட்' என்று இருந்தாலும் நம்பாதீங்க. உள்ளே இருக்கிற ரப்பர் வளையத்துக்கு உங்க அப்பா வயசு. வைகையில் தண்ணி வந்தாலும் சரி, வாட்ச்சைக் கழற்றிட்டுக் குதிங்க.

முக்கியமாக... கட்டுங்க! நல்லா முறுக்கேறிய வாட்ச் கழற்றி வைத்தால் ஏறக்குறைய 40 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை ராத்திரி கழற்றினால் ஞாயிற்றுக்கிழமை நின்னுடும். ஷோகேஸில் வைத்துப் பூட்டுகிறவனுக்கு இது செத்த பொருள். கட்டுகிறவன் கையில்தான் உயிர்.

ரூபாயை விட அரிதான ஒண்ணு

நகருக்குள் ஒரு சந்தில், கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒற்றைக் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார் ஒரு பாய். என் காஞ்சனைச் சரிபண்ண முடியுமா என்று கேட்டுத்தான் அவரிடம் போனேன். திறந்து பார்த்தார். "மிஷின் நல்லா இருக்கு தம்பி. முகத்தைத்தான் மாத்திட்டீங்க" என்றார். வேற ஒண்ணும் திட்டலை.

அவருக்கு அறுபத்தெட்டு வயசு. பழைய எச்.எம்.டி. வாட்ச்சுகளிலிருந்து கழற்றிய சக்கரம், திருகு, ஸ்பிரிங் எல்லாம் மாத்திரை டப்பாக்களில் பிரித்து வைத்திருக்கார். எந்த டப்பாவில் எது இருக்குன்னு ஒரு சீட்டும் ஒட்டலை. எல்லாம் அவர் மண்டைக்குள். "அடுத்து யாரு பாய் இதைப் பார்ப்பாங்க?" என்று கேட்டேன். "பேட்டரி மாத்துறதுக்கு ஆள் இருக்கு தம்பி. பிரிச்சு மாட்டத்தான் யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க. பையன் செல்போன் கடை வச்சுட்டான்" என்றார். வருத்தமாகக்கூடச் சொல்லலை.

எனக்குத்தான் 'திக்'கென்றது. வாட்ச் லாக்கரில் இன்னும் ஐம்பது வருஷம்கூடக் கிடக்கும், ஒண்ணும் ஆகாது. ஆனால், அதைத் திறந்து, எண்ணெய் போட்டு, ஓடவைக்கிற கை? ஜான் ஹார்வுட் மாதிரி ஒரு ரிப்பேர்காரர் ஆரம்பிச்சு வச்ச விஷயம், ரிப்பேர்காரர் இல்லாமல் முடியப் போகுதா?

அதனால் என் கோரிக்கை இதுதான். பத்து வாட்ச் வாங்கிக் குவிக்காதீங்க. ஒண்ணே ஒண்ணை ஓடவையுங்க. உங்க ஊரில் மிஷின் பிரிக்கத் தெரிந்த பெரியவர் யாருன்னு கண்டுபிடிங்க. காசு கொடுத்து சர்வீஸ் பண்ணுங்க. பேரம் பேசாதீங்க ப்ளீஸ்! மெக்கானிக்கல் படிக்கிற மக்களே, லேபில் நாம் படத்தில் பார்க்கிற கியர் டிரெய்ன், எஸ்கேப்மென்ட் எல்லாம் அவர் மேஜையில் நிஜமாக ஓடிக்கிட்டு இருக்கு. லீவு நாளில் ஒரு மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்க. நான் மூணு மாசமாகப் போறேன். திருகைக் கீழே போடாமல் கழற்ற இப்போதான் வருது. ஒண்ணு மட்டும் பறந்து போச்சு. ரெண்டு பேரும் அரை மணி நேரம் தரையில் தவழ்ந்து தேடினோம்!

சரி, என் காஞ்சன்? இப்பவும் அதே மயில் நீலத்தில்தான் இருக்கு. பாயிடம் சர்வீஸ் பண்ணியாச்சு. இந்தக் கட்டுரையை எழுதும்போது என் கையில் ஓடிக்கிட்டு இருக்கு. மூடியில் அதே பெயரையும் தேதியையும் மறுபடி வெட்டித் தரச் சொல்லட்டுமா என்று தாத்தாவிடம் கேட்டேன். "வேண்டாம்ப்பா. அது அவன் போட்டது" என்றார். அப்புறம், "டைம் கரெக்டா காட்டுதா?" என்றார்.

"ஒரு நாளைக்கு நாப்பது செகண்ட் பிந்துது தாத்தா."

"அப்ப பஸ்ஸைப் பிடிச்சுரலாம்!" என்று சிரித்தார்.

ஆகவே மக்களே... லாக்கரைத் திறங்க. வாட்ச்சை எடுத்தவுடனே டயலைப் பார்க்காதீங்க. முதலில் திருப்பி, பின்மூடியைப் பாருங்க. ஏதாவது எழுதியிருந்தால், அது யார் போட்டது, எதுக்குப் போட்டது என்று தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்க. ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. அதுக்கு அப்புறம் ரிப்பேர் கடைக்குப் போங்க.

பெயின்ட் மட்டும் அடிக்காதீங்க!